தள்ளுவதற்கு ஒன்று

குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. ரோட்டில் கல்யாணப் பத்திரிகைக் கடை வைத்திருக்கும் தட்சிணாமூர்த்திக்கு, வேண்டாம் என்று சொல்வதில் இருக்கிற சுகம் வேறெதிலும் கிடையாது. கத்தரிக்காய் வாங்கப் போனால் கடைக்காரர் எடுத்துப் போடும் முதல் காயைப் பொறுக்கி ஓரமாக வைப்பார். ஓட்டலில் முதலில் காட்டும் மேஜையில் உட்கார மாட்டார். அஸ்தினாபுரத்தில் நெல் விளைந்த நிலத்தை அவருடைய அப்பா மனை போட்டு விற்ற காலத்தில், வாங்க வந்தவர்களை வெயிலில் நிறுத்தி நடந்த பேரங்களைப் பக்கத்தில் நின்று கேட்டு வளர்ந்தவர். வேண்டாம் என்று ஒரு தடவையாவது சொல்லாமல் ஒரு பொருளை வாங்கினால் அது தன்னுடைய பொருள் மாதிரியே அவருக்குத் தோன்றாது.

தன்னைப் போலத்தானே உலகமும் இருக்கும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். அதனால் கடையின் மாதிரி ஆல்பத்தில் முதல் பக்கத்தில் ஒரு ரோஸ் அட்டை இருக்கும். நடுவில் தங்க நிறத்தில் பிள்ளையார், பிள்ளையாரைச் சுற்றிக் குண்டு பல்பு மாதிரி ரோஜாக்கள். அது விற்பதற்கு அல்ல, வந்தவர்கள் முகம் சுளிப்பதற்கு. சுளித்த முகம் அடுத்த பக்கத்தைப் பார்த்ததும் மலரும். மலர்ந்த முகம் அதிகம் பேரம் பேசாது. தப்பித் தவறி யாராவது அந்த ரோஸ் அட்டையையே தொட்டு, "இது நல்லா இருக்கே" என்றால், "உங்க டேஸ்டே தனி சார்" என்று கூசாமல் அதையும் அச்சடித்துக் கொடுத்துவிடுவார்.

சுனாமிக்கு முந்தின வருஷம் இந்தக் கடைக்குத்தான் சந்திரிகா ஒரு பெரிய கறுப்பு ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தாள். கோவளத்து மீனவக் குடும்பம். அம்மா அங்காளம்மா தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்பவள். பெண் எழும்பூரில் ஓவியக் கல்லூரியை அப்போதுதான் முடித்திருந்தாள்.

"எத்தினி வருஷம் படிச்சே?" என்றார் தட்சிணாமூர்த்தி.

"அஞ்சு வருஷம்ண்ணா."

"டாக்டருக்கே அவ்ளோதானேம்மா!"

"டாக்டருக்கு மனுஷ ஒடம்பு மட்டும் தெரிஞ்சா போதும்ண்ணா. எனக்கு ஆடு, மாடு, மயிலு, பிள்ளையாரு, எல்லாத்தோட ஒடம்பும் தெரியணும்."

பதில் அவருக்குப் பிடித்தது. பிடித்ததைக் காட்டிக்கொள்ளாமல், "சரி, ஒரு மயில் போட்டுக்கினு வா, பாக்கலாம்" என்றார்.

இரண்டு நாளில் மூன்று மயில்களோடு வந்தாள். மூன்றாவது மயிலைப் பார்த்ததும் தட்சிணாமூர்த்தியின் முகத்தில் விளக்கேற்றியது போல் ஆயிற்று.

"இது மயிலா? மழையில நனைஞ்ச கோழி மாதிரி கீது!"

"சரிண்ணா."

"கழுத்தைப் பாரு. யாரோ புடிச்சு முறுக்கின மாதிரி. இதைப் போட்டா அந்தக் கல்யாணம் நடக்குமா?"

"எடுத்துடறேண்ணா."

கோழியை ஓரம் கட்டிய திருப்தியில் மற்ற இரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டார். அவள் கேட்ட தொகையைக் குறைக்க வேண்டும் என்பதே அவருக்கு மறந்துபோயிற்று. அன்றிலிருந்து கடையின் பின்பக்கம், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே ஒரு மேஜை அவளுக்கு ஒதுக்கப்பட்டது. வாடகை கிடையாது. கடை வேலையை முதலில் முடித்துக் கொடுத்துவிட்டு வெளி வேலை பார்க்கலாம் என்பது ஏற்பாடு.

ஐந்து வருஷம் இப்படியே ஓடிற்று. ஒவ்வொரு வேலைக்கும் மூன்று மாதிரி கொண்டுவருவாள், அவர் ஒன்றைக் கண்டுபிடித்துத் தள்ளுவார். தும்பிக்கைக்குப் பதில் தோட்டத்துக் குழாய் வைத்த பிள்ளையாரைத் தள்ளினார். எருமைக்குத் தந்தம் முளைத்த மாதிரி இருந்த யானையைத் தள்ளினார். ஊதுபவர் விழுங்கிவிடுவார் போலிருந்த நாதஸ்வரத்தைத் தள்ளினார். பக்கத்துப் பாத்திரக்கடை ஸ்ரீரங்கனிடம் டீ குடிக்கும்போதெல்லாம், "அந்தப் பொண்ணுக்குக் கை இருக்கு ஸ்ரீரங்கா, கண்ணு இல்ல. கண்ணு நான் குடுத்தேன்" என்பார். ஸ்ரீரங்கனும் டீக்கு யார் காசு கொடுப்பது என்று முடிவாகும்வரை ஆமோதிப்பார்.

பெருமையைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும், அந்தப் பெண் உழைத்த உழைப்பை தட்சிணாமூர்த்தி கண்ணால் பார்த்தவர். கூடப் படித்த பிள்ளைகள் சினிமாவுக்கு செட் போடவும், விளம்பரக் கம்பெனிக்கும் போய்விட்டார்கள். இவள் வந்ததை எல்லாம் வரைந்தாள். பத்தாம் வகுப்பு கைடுக்கு இதயமும் சிறுநீரகமும் போட்டாள். நோட்டுப் புத்தக அட்டைக்குப் புலி போட்டாள். பம்மலில் ஒரு பல் டாக்டருக்குச் சிரிக்கிற பல்லும் அழுகிற பல்லும் போட்டுக் கொடுத்தாள். நடுவில் ஒரு வருஷம் நாவலூரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்கு வேலைக்குப் போனாள். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கான கம்ப்யூட்டர் பாடங்களுக்குப் படம் போடும் கம்பெனி அது. ஏ.சி.யில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, பார்த்தேயிராத பனிமனிதனை நாள் முழுக்க வரைந்தாள். நல்ல சம்பளம், வாசலுக்கே வேன். ஒரு நாள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மறுபடி அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே வந்து உட்கார்ந்தாள்.

"ஏம்மா, அங்க இன்னா கொறைச்சல்?"

"எதுலயும் என் பேரு இல்லண்ணா."

"இங்க மட்டும் இருக்கா?"

"இங்கயும் இல்ல. கல்யாணப் பத்திரிகையில ஒண்ணுவிட்ட சித்தப்பா, அவரு மச்சான், பக்கத்து வூட்டு வாண்டுங்க பேரு வரைக்கும் வருது. படம் போட்டவ பேரு வரலை. ஆனா இங்க இருந்தா வெளியில தேடலாம்."

அவள் தேடினாள். அட்டையில் தன் பெயரோடு ஒரு புத்தகம், அவ்வளவுதான் அவள் கேட்டது. பதிப்பகங்களுக்குத் தபாலில் படங்கள் அனுப்பினாள், பதில் வராத இடத்துக்கு மறுபடி அனுப்பினாள். காலையில் ரயில் நிலையத்தில் மூட்டை மேல் தூங்குகிறவர்களை வரைந்துவிட்டுத்தான் கடைக்கு வருவாள். அந்த நோட்டுகளை தட்சிணாமூர்த்தி அவள் இல்லாதபோது ரகசியமாகப் புரட்டிப் பார்ப்பார். அதில் தள்ளுவதற்கு ஒன்றும் கிடைக்காதது அவருக்குக் கொஞ்சம் விசித்திரமாக இருந்தது. ஆனால் மேற்கொண்டு யோசிக்கவில்லை.

கடைசியில் அவளுக்கு வழி காட்டியது ஒரு ஆடு. ஏதோ ஒரு கல்யாணப் பத்திரிகையின் ஓரத்தில், பந்தல் வாழைமரத்தை யாருக்கும் தெரியாமல் தின்கிற ஒரு சின்ன ஆட்டை அவள் வரைந்திருந்தாள். மூன்றாவது மாதிரியில் இருந்த யானையைத் திட்டும் மும்முரத்தில் தட்சிணாமூர்த்தி அதைக் கவனிக்கவில்லை. அந்தப் பத்திரிகை கிழக்குத் தாம்பரத்தில் ஞானசௌந்தரி என்ற அம்மாளின் வீட்டுக்குப் போயிற்று. தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்று, வீட்டு மாடியில் சிறுவர் புத்தகப் பதிப்பகம் நடத்துகிறவர். அவர் அந்தக் கல்யாணத்துக்குப் போகவில்லை. ஆட்டைத் தேடிக்கொண்டு நேராகக் கடைக்கு வந்தார்.

"இந்த ஆட்டைப் போட்டது யாரு?"

ஏதோ புகார் என்று பயந்த தட்சிணாமூர்த்தி, "நான் அப்பவே சொன்னேன் மேடம்" என்று ஆரம்பித்தார்.

"நல்லா இருக்கு" என்றார் அந்த அம்மாள்.

"போடச் சொன்னதே நான்தான் மேடம்" என்று முடித்தார்.

ஞானசௌந்தரி ஒரு கதை எழுதி வைத்திருந்தார். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிய ஓர் ஆடு, யாரும் டிக்கெட் கேட்காமலே பீச் ஸ்டேஷன் வரை போய்க் கடலைப் பார்த்துவிட்டு வருகிற கதை. "கதை என் பேருல, படம் உன் பேருல. ரெண்டும் அட்டையில ஒரே அளவுல வரும். முதல் பக்கத்துக்கு மாதிரி போட்டு வை. அடுத்த வாரம் வந்து பாக்கறேன்" என்றார். சந்திரிகா சரியென்று தலையாட்டினாள்.

அடுத்த வாரம் மூன்று படங்கள் மேஜை மேல் இருந்தன. முதல் படத்தில் ஆட்டின் உயரத்திலிருந்து ரயில் பெட்டி தெரிந்தது. எங்கே பார்த்தாலும் கால்கள், புடவைக் கரைகள், தொங்கும் டிபன் பைகள், நடுவில் கீரைக் கட்டை முகரும் ஒரு மூக்கு. இரண்டாவதில் ரயில் பல்லாவரத்தைத் தாண்டுகிறது, கதவோரம் ஆட்டின் காது காற்றில் பறக்கிறது. மூன்றாவது ஆடு வேறு ஜாதி. கண்ணில் நீள நீளமான இமைகள், கன்னத்தில் ரோஸ் பவுடர், பின்னால் வானவில், கையில் பலூன். ஆட்டுக்குக் கை ஏது என்று கேட்கக் கூடாது, இருந்தது.

தட்சிணாமூர்த்தி பில் போடுவது போல் பாவனை செய்துகொண்டு பார்த்தார். பலூன் ஆட்டை அந்த அம்மாள் எப்படித் தள்ளப் போகிறார் என்று பார்க்க அவருக்கு ஆசை. ஞானசௌந்தரி கண்ணாடியை மாட்டினார். முதலாவதைப் பார்த்தார், இரண்டாவதைப் பார்த்தார், பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து மூன்றாவதன் மூலையில் ஒரு டிக் போட்டார்.

"இதான். பசங்களுக்குப் புடிக்கும். முழுப் புத்தகமும் இதே மாதிரி போட்டுடு."

சந்திரிகாவின் முகம் மாறியது. அந்த முகத்தை தட்சிணாமூர்த்திக்கு நன்றாகத் தெரியும். யாராவது ரோஸ் அட்டையைத் தேர்ந்தெடுக்கும் ஒவ்வொரு தடவையும் கல்லாவுக்கு எதிரேயுள்ள கண்ணாடியில் அவர் பார்த்த முகம் அது. மழையில் நனைந்த கோழியும், தோட்டத்துக் குழாய்ப் பிள்ளையாரும், தந்தம் முளைத்த எருமையும் வரிசையாக வந்து நின்று அவரைப் பார்த்துச் சிரித்தன. ஐந்து வருஷம்! அவர் தள்ளினார் தள்ளினார் என்று நினைத்ததெல்லாம், தள்ளுவதற்கென்றே தட்டில் வைத்துக் கொடுத்தது. அவருடைய சரக்கை அவருக்கே விற்றிருக்கிறாள்.

கோபம் வந்தது. ஆனால் அதைத் தொடர அவகாசம் இல்லை, ஏனென்றால் சந்திரிகா பேச ஆரம்பித்துவிட்டாள்.

"மேடம், இது குடுக்கறதுக்கு இல்ல."

"குடுக்கறதுக்கு இல்லாததை எதுக்குக் கடை பரப்பினே?"

"நீங்க வேணாம்னு சொல்றதுக்கு."

ஞானசௌந்தரி கண்ணாடியைக் கழற்றி, தலைமை ஆசிரியைகளுக்கு மட்டுமே கைவரும் ஒரு பார்வை பார்த்தார்.

"அப்ப என்னைப் பரீட்சை வெச்சிருக்கே."

"இல்ல மேடம். எனக்குத்தான் பயம். ரெண்டு நல்லதை மட்டும் வெச்சா ரெண்டையும் வேணாம்னு சொல்லிருவாங்களோன்னு பயம். அதுக்காகப் போட்டது. தப்புதான். ஆனா இந்த ஆட்டுக்குக் கீழ என் பேரு போட முடியாது. இதான் வேணும்னா இதை நல்லாப் போடற ஒருத்தர் நம்பர் தரேன்."

"எனக்கு நிறையப் பேரைத் தெரியும்" என்று சொல்லி, பலூன் ஆட்டை மட்டும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஞானசௌந்தரி வெளியே போனார். ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டது.

"ஏம்மா" என்றார் தட்சிணாமூர்த்தி மெதுவாக. "அந்த மழையில நனைஞ்ச கோழி?"

"தள்றதுக்குப் போட்டதுதாண்ணா."

"எல்லாமேவா?"

"அதுங்களுக்குத்தான் ரொம்பக் கஷ்டப்பட்டேண்ணா. கெட்டதாப் போடறது ஈஸி இல்ல. ரொம்பக் கெட்டதா இருந்தா நீங்க கண்டுபுடிச்சிருவீங்க."

இதற்கு மேல் எப்படிக் கோபித்துக்கொள்வது? அவருக்கு அவள் மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது. இந்த ரோட்டில் முப்பது வருஷமாகக் கடை நடத்துகிற எவனும் அவரை ஒரு பொரிகடலைக்கு ஏமாற்றியது கிடையாது. ஆனால் மரியாதை வேறு, வியாபாரம் வேறு.

"கேளு. இப்பவே போன் பண்ணி சரின்னு சொல்லு. எத்தினி வருஷமா தேடினே! கஸ்டமர் கேக்கறதைக் குடுக்கறதுதானே தொழில்? ரோஸ் கார்டை எடுத்தவங்களுக்கு நான் அச்சடிச்சுக் குடுக்கலியா?"

"அதுல உங்க பேரு இல்லியேண்ணா. மாப்ள பேருதான இருக்கு."

பதில் இல்லாவிட்டால் ஆள் பிடிப்பது அவர் வழக்கம். மறுநாள் காலை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போனார். பெற்றவள் சொன்னால் கேட்பாள் என்று எண்ணம்.

அங்காளம்மா பலகை மேல் மீன்களை அடுக்கித் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். "வா மொதலாளி! இன்னா இந்தப் பக்கம்? சங்கரா பாரு, செவுளு செவசெவன்னு கீது."

எடுத்தவுடன் விஷயத்துக்குப் போவது மரியாதை இல்லை என்பதால் தட்சிணாமூர்த்தி முதலில் மீன் பார்த்தார். பார்த்த கண் வழக்கம்போல் தள்ளுவதற்கு ஒன்றைத் தேடியது. எல்லாவற்றுக்கும் மேலே, கண் குழிவிழுந்து பளபளப்பு போன ஒரு சங்கரா தனியாக இருந்தது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவருக்குச் சுருக்கென்று உறைத்தது. இதுவுமா?

"இதைக் குடு" என்றார் வேண்டுமென்றே.

அங்காளம்மா அவர் கையில் பட்டென்று ஓர் அடி வைத்தாள். "அது வோணாம். அது தள்றதுக்கு வெச்சது."

"நான் காசு குடுத்தா உனக்கு இன்னா?"

"இன்னா மொதலாளி புரியாத பேசறே. இத்த நீ வூட்டுக்கு எட்த்துக்கினு போவே. உன் வூட்டம்மா கொயம்பு வெக்கும். வாயில வெச்சா த்தூன்னு துப்புவே. அப்பால மீனையா திட்டுவே? அங்காளம்மாவத்தான் திட்டுவே. இது சாய்ங்காலம் பூனைக்கு." அந்த மீனை எடுத்துப் பலகைக்குப் பின்னால் போட்டாள். "சரி, எம் பொண்ணு இன்னா பண்றா? எதுனா தப்புத்தண்டாவா?"

தட்சிணாமூர்த்தி பலகைக்குப் பின்னால் போன மீனைப் பார்த்தார். "ஒண்ணும் இல்லம்மா. நல்லா வரையுது" என்றார். நல்ல சங்கராவை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார். வழியெல்லாம் ரோஸ் அட்டையில் அச்சடித்துக் கொடுத்த கல்யாணங்கள் ஞாபகத்துக்கு வந்தன. அந்த வீட்டுக்காரர்கள் யாரும் இரண்டாவது பெண்ணின் கல்யாணத்துக்கு அவர் கடைக்கு வந்ததாக நினைவில்லை.

அந்த வாரம் முழுக்க சந்திரிகா ஒரு கிரகப்பிரவேசப் பத்திரிகைக்குக் கன்றுக்குட்டி வரைந்தாள். கடை போன் அடிக்கும்போதெல்லாம் அவள் பென்சில் நின்றது. "அந்த அம்மா இல்ல" என்று தட்சிணாமூர்த்தி வைத்த பிறகு மறுபடி நகர்ந்தது. ஒரே ஒரு தடவை மட்டும் கேட்டாள்: "தப்பு பண்ணிட்டேனாண்ணா?" ஒரு வாரம் முன்னாலென்றால் ஆமாம் என்றிருப்பார். இப்போது, "கன்னுக்குட்டி வாலு நல்லா இருக்கு" என்றார்.

பத்தாவது நாளோ என்னவோ, ஞானசௌந்தரி மறுபடி வந்தார். உட்காராமல், மடித்த பலூன் ஆட்டை மேஜை மேல் போட்டார்.

"இதை வேற ஒருத்தர்ட்ட குடுத்து நாலு பக்கம் போடச் சொன்னேன். நல்லாத்தான் போட்டார். அதை எடுத்துக்கிட்டு சேலையூர் பஸ் ஸ்டாப்ல நிக்கறேன், எதிர்ல ஒரு பையனோட ஸ்கூல் பேக்ல இதே மூஞ்சி. அவன் தங்கச்சி டிபன் பாக்ஸ்ல இதே மூஞ்சி. பேன்சி ஸ்டோர்ல பவுடர் டப்பாவுல இதே கண்ணு. ஊரையெல்லாம் பாத்துக் கண்ணடிக்குது. என் ஆடு எதுன்னு எனக்கே தெரியலை."

சந்திரிகா மடித்த ஆட்டை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

"அந்தக் கால்களுக்கு நடுவுல நின்னுச்சே, ஒரு மூக்கு. அது எங்க?"

மேஜை இழுப்பறையிலிருந்து முதல் படம் வெளியே வந்தது. ஞானசௌந்தரி நின்றபடியே அதை நெடுநேரம் பார்த்தார். சிவப்புப் பேனாவை எடுத்தார், டிக் போடாமல் மறுபடி பைக்குள் வைத்தார்.

"போடு. ஆனா ஒரு கண்டிஷன். இனிமே எனக்கு மூணு காட்டாதே. பக்கத்துக்கு ஒண்ணு. நீ பேரு போடத் துணியற ஒண்ணு."

"ஒண்ணுதானா மேடம்?" அவள் குரலில் இப்போதுதான் நிஜமான பயம் இருந்ததை தட்சிணாமூர்த்தி கவனித்தார். தள்ளுவதற்கு ஒன்று பக்கத்தில் இல்லையென்றால் ஒளிவதற்கு இடம் இல்லை.

"ஒண்ணுதான்."

அந்த ஒன்றுக்காக அவள் மாதக்கணக்கில் உழைத்தாள். மின்சார ரயிலில் தரையில் உட்கார்ந்து பயணம் செய்து, ஆட்டின் உயரத்திலிருந்து உலகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்தாள். பிடிக்காததைத் தானே கிழித்தாள். அவள் கிழித்துப் போட்டதை தட்சிணாமூர்த்தி குப்பைக்கூடையிலிருந்து எடுத்துப் பார்ப்பார், எதற்காகக் கிழித்தாள் என்று அவருக்குப் புரியாது. ஸ்ரீரங்கனிடம், "அதுக்குக் கண்ணு எப்பவுமே இருந்திருக்கு ஸ்ரீரங்கா. எனக்குத்தான் கண்ணு டெஸ்ட் பண்ணணும்" என்றார். அன்றைக்கு டீக்கு அவரே காசு கொடுத்தார்.

புத்தகம் வந்தது. அட்டையில் இரண்டு பெயர்கள், ஒரே அளவில். அதைப் பார்த்து பெங்களூரிலிருந்தும் டெல்லியிலிருந்தும் பதிப்பகக்காரர்களின் போன் வந்தது. அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே இருந்த மேஜை அப்படியேதான் இருந்தது. அதற்கு மேலே இப்போது ஒரு அலமாரி, அதில் ஒன்றன்பின் ஒன்றாகப் புத்தகங்கள் சேர ஆரம்பித்தன. ஆல்பத்தின் முதல் பக்கத்திலிருந்து ரோஸ் அட்டை காணாமல் போயிருந்ததை யாரும் கவனிக்கவில்லை, கடைக்காரரைத் தவிர.

அடுத்த தை மாதம் தட்சிணாமூர்த்தியின் மகள் மஹாலட்சுமிக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. ஊருக்கெல்லாம் பத்திரிகை அடித்தவர் வீட்டுப் பத்திரிகை. சந்திரிகா ஒரே ஒரு படத்தைக் கொண்டுவந்து வைத்தாள். பெண்ணும் பிள்ளையும் இல்லை, மயில் இல்லை. நிறைய செருப்புகள் கழற்றிப் போட்ட ஒரு மண்டப வாசல், அதில் இரண்டு புதுச் செருப்புகள் மட்டும் ஒன்றையொன்று பார்த்து நிற்கின்றன.

தட்சிணாமூர்த்தி பார்த்தார். கண் கலங்கியது. மூக்கை உறிஞ்சினார். ஆனாலும் கை துறுதுறுவென்றது.

"வேற எதுவும் கொண்டு வரலியா?"

"இல்லண்ணா. ஒண்ணுதான்."

"நல்லாத்தான் கீது. ரொம்ப நல்லா கீது." கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். "இருந்தாலும்… எம் பொண்ணு கல்யாணம். ஒண்ணை வேணாம்னு சொல்லாம எடுத்தா எனக்குத் தூக்கம் வராதும்மா."

சந்திரிகா சிரிக்கவில்லை. பென்சிலை எடுத்தாள், பழைய கார்டின் பின்பக்கத்தில் விறுவிறுவென்று கோடுகள் இழுத்தாள், அவரிடம் நீட்டினாள். மழையில் நனைந்த ஒரு கோழி, மயில் தோகையோடு.

தட்சிணாமூர்த்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது இன்னாது? மயிலா? கழுத்தைப் பாரு, யாரோ முறுக்கின மாதிரி! இதைப் போட்டா சம்பந்தி வூட்ல இன்னா நெனப்பாங்க? எடும்மா இதை!"

"எடுத்துடறேண்ணா."

அப்புறம்தான் அவர் செருப்புகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கோழியை அவள் பார்க்காதபோது மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பத்திரிகை அச்சாகி வந்தது. இரண்டு பக்கத்துப் பெரியவர்கள் பெயர்களும் சின்னவர்கள் பெயர்களும் முடிந்த இடத்தில், தட்சிணாமூர்த்தியே கூட இருந்து எழுத்துக் கோத்து, 'ஓவியம்: சந்திரிகா' என்று ஒரு வரி போட வைத்திருந்தார். கார்டு கைக்குப் போன சாயங்காலமே செங்கல்பட்டிலிருந்து சம்பந்தி போன் செய்தார்.

"கார்டு பிரமாதம் சம்பந்தி. கீழ சந்திரிகான்னு ஒரு பேரு இருக்கே. எங்க பக்கத்துல அப்படி யாரும் இல்லியே. உங்களுக்கு என்ன முறை?"

தட்சிணாமூர்த்தி பின்பக்க மேஜையை எட்டிப் பார்த்தார். சந்திரிகா குனிந்து எதையோ அழித்துக்கொண்டிருந்தாள்.

"எங்க பக்கம்தான் சம்பந்தி" என்றார். "என்ன முறைன்னு கேக்காதீங்க. என்னையே ஏமாத்தின பொண்ணு."